அந்த ட்யூப்பையும் எடுத்து வாருங்கள்

பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிப் போகும் வண்டியின் ஓட்டுநர் அவர். வயது முப்பதுக்குள் இருக்கும். சட்டைப்பையிலிருந்து ஒரு களிம்பு ட்யூப்பை எடுத்து, தோல் மருத்துவரான என் மேசைமேல் வைத்தார். கடைசிப் பொட்டு பற்பசையையும் பிதுக்குகிறவர்போல் அடியிலிருந்து கழுத்துவரை இறுக்கிச் சுருட்டியிருந்தார்.

"இது பதினோராவது சார். போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது. விட்டால் மறுபடியும் வந்துவிடுகிறது."

சுருட்டலைப் பிரித்துப் பொடி எழுத்தைப் படித்தேன். குளோபெட்டாசோல், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின். படர்தாமரைக்கு உரிய மருந்து இந்த நான்கில் கடைசி ஒன்றுதான். முதலில் நிற்பது ஸ்டீராய்டு. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே அது மிக வீரியமான வகை.

சிவப்பதும் அரிப்பதும் பெரும்பாலும் பூஞ்சையை எதிர்த்து நம் உடல் போடும் சண்டையால்தான். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்கிவிடுகிறது. அரிப்பு நின்றதும் குணமாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பூஞ்சையோ கேட்பாரில்லாமல் பரவுகிறது. வட்டமாக, ஓரம் தடித்துத் தெரிய வேண்டிய படர்தாமரை உருமாறிப் போவதால் மருத்துவரே சில நேரம் தடுமாறுவார். இவருக்குத் தொடை இடுக்கில் தொடங்கியது இடுப்பைச் சுற்றி ஏறியிருந்தது. இடுக்கில் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் இருப்பதுபோல் வரிவரியாகப் பிளந்திருந்தது. படர்தாமரையைக் குணப்படுத்த இரண்டு மாதங்களுக்கு மேல் ஆனது. அந்த வரிகள் முழுதாக மறையப்போவதில்லை.

14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதியை இறுக்கியது. ஆனாலும் "படர்தாமரைக்கு ஒன்று கொடுங்கள்" என்றால் கிடைத்துவிடுகிறது. வாங்குகிறவரைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. மருத்துவரிடம் வந்தால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. ஆனால் பதினோரு ட்யூப் வாங்கிய பணத்தைக் கூட்டிப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெர்பினாஃபினுக்கே எளிதில் அடங்காத பூஞ்சை இன்று நம் நாட்டில் பரவியிருக்கிறது. 2020-இல் அதற்குப் பெயர் வைத்தபோது நம் நாட்டின் பெயரையும் சேர்த்து டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்றே வைத்தார்கள்.

மாத்திரையிலும் இப்படி ஒன்று உண்டு. சோரியாசிஸ் என்னும் செதில் உதிரும் தோல் நோய்க்குக் கொடுக்கும் மீத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். அதைத் தினமும் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளை அணுக்கள் சரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உயிரே போகக்கூடிய தவறு இது. அதனால் நான் அட்டையின் மேலேயே பெரிய எழுத்தில் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதிக் கொடுக்கிறேன்.

இனி, களிம்பு மறைப்பதிலேயே எனக்கு அதிகம் பயமுள்ள விஷயம். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. சிறுமியாக இருந்தபோது அடுப்பு நெருப்பு பாவாடையில் பற்றி, முழங்காலுக்குப் பின்னால் பெரிய தழும்பு. நாற்பது ஆண்டுகளாகத் தொல்லை தராத அந்தத் தழும்பில் எட்டு மாதங்களாக ஒரு புண். மூன்று விதமான களிம்பும் மஞ்சளும் மாறி மாறிப் போட்டிருந்தார். புண்ணின் ஓரம் பூக்கோசு போல் புடைத்து, தொட்டால் கெட்டியாக இருந்தது. நாற்றமும் இருந்தது.

கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றதும், "கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே டாக்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பயத்தால் எத்தனையோ பேர் தாமதித்துவிடுகிறார்கள். சதைப் பரிசோதனையால் தோல் புற்றுநோய் பரவுவதில்லை. பரிசோதிக்காமல் விட்ட மாதங்களில்தான் அது பரவுகிறது. அவருக்கு வந்திருந்ததும் புற்றுநோய்தான். பழைய தீத்தழும்பில் பல ஆண்டுகள் கழித்து வரும் வகை. அறுவை சிகிச்சை செய்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். காலை இழக்காமல் தப்பினார்.

கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. வெள்ளைக்காரர்களைவிட நமக்குக் குறைவுதான். தோலின் நிறமியே நமக்குக் குடை. ஆனால் நம்மவர்களுக்கு வரும்போது அது வெயில் படாத இடங்களைத்தான் அதிகம் பிடிக்கிறது: உள்ளங்கால், நகத்தின் அடி, பழைய தழும்பு. காட்டுவேலையில் செருப்பில்லாமல் நடக்கிற காலில் ஒரு கருப்புத் திட்டு வந்தால், காலாணி என்றோ கல் குத்திய இரத்தக்கட்டு என்றோ விட்டுவிடுகிறோம். அந்தத் திட்டு பெரிதாகிக்கொண்டே போனாலோ, ஓரம் கோணலாக இருந்தாலோ, ஒரே நகத்தில் மட்டும் கருங்கோடு தோன்றி அகலமானாலோ காட்டிவிடுங்கள். எந்தப் புண்ணும் நான்கு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் அடுத்த களிம்பை வாங்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வரும்போது இதுவரை போட்ட ட்யூப், அட்டை, நாட்டு மருந்துப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மருந்தால் ஏதாவது தீங்கு நேர்ந்திருந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே புகார் தரலாம்.

அந்த அம்மா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து நோய் பரவித் தொடை இடுக்கில் நெறிகட்டி இருக்கிறதா என்று காட்டிவிட்டுப் போகிறார். போன முறை பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டி வந்திருந்தார். குதிகாலில் ஆறு வாரமாக ஆறாத புண். கீறிப் பார்த்தேன். உள்ளே கருவேல முள் ஒன்று ஒடிந்து கிடந்தது.