குட்டிக் கணினிக்குக் காது முளைத்தால்

ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினிப் பலகையின் ஓரத்தில் வட்டமாக ஒரு துளை இருக்கும். அதில் மைக்கைச் செருகிப் பயனில்லை. அந்த வழியாக ஒலி வெளியே மட்டுமே வரும். 2023இல் வெளியான பை 5இல் அந்தத் துளையும் கிடையாது. எனவே, சொன்னதைக் கேட்டு வேலை செய்யும் குரல் உதவியாளர் ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புபவர் யுஎஸ்பி மைக் போன்ற ஒன்றைத் தனியாக வாங்கத்தான் வேண்டும். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். மைக் தவறவிட்ட ஒலியைப் பின்னால் வரும் எந்த மென்பொருளாலும் மீட்டுத் தர முடியாது.

மைக்கில் விழும் ஒலி நொடிக்கு 16,000 முறை அளக்கப்படுகிறது. ஓர் அதிர்வைச் சரியாகப் பதிவுசெய்ய, அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேலான வேகத்தில் அளக்க வேண்டும். பேச்சைப் புரிந்துகொள்ளத் தேவையான ஒலிகள் பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால் இந்த எண் போதும். ஓர் அளவுக்கு 2 பைட் வீதம் நாள் முழுவதும் சேர்த்தால் ஏறத்தாழ 2.8 ஜிபி. அவ்வளவையும் எழுத்தாக மாற்ற முயன்றால் சின்னப் பலகை திணறிப்போகும். அதில் பெரும்பகுதி குக்கர் விசிலும் தொலைக்காட்சித் தொடரும்தான்.

ஆகவே வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார். 'ஹே ஜார்விஸ்' போன்ற ஓர் அழைப்புச் சொல்லைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது. ஓப்பன் வேக் வேர்ட் என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைச் செய்கிறது. 80 மில்லி நொடிக்கு ஒரு முறை, கேட்டது அழைப்புச் சொல்லா என்று 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான முடிவுகள்! லட்சத்தில் ஒன்று தவறினாலும் தினமும் பத்துத் தடவை யாரும் கூப்பிடாமலேயே விழித்துக்கொள்ளும். தேறுவதற்கான மதிப்பெண்ணை உயர்த்தினால் நீங்கள் கூப்பிடும்போதும் தூங்கும். 'டேய்' போன்ற குட்டிச் சொல்லை வைக்காததற்குக் காரணம் புரிகிறதல்லவா? இன்னொரு சங்கதி: இதன் மாதிரியை, அதாவது பயிற்சியால் ஒலிகளை இனங்காணக் கற்கும் நிரலை, பயிற்றுவிக்கக் கணினியே உண்டாக்கிய ஆயிரக்கணக்கான செயற்கைக் குரல்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவை ஆங்கிலக் குரல்கள். நம் உச்சரிப்புக்கு அது சற்று முரண்டு பிடிக்கலாம்.

விழித்தபின் எப்போது கேட்பதை நிறுத்துவது? மௌனத்தை வைத்துத்தான். பேச்சு நின்று சிறிது நேரம் அமைதி நிலவினால் கட்டளை முடிந்துவிட்டது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். தமிழுக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. நமக்கு வினைச்சொல் கடைசியில் வரும். 'மாடி விளக்கை...' என்று சொல்லி ஒரு கணம் யோசித்தால், 'அணை' என்பது வெட்டுப்பட்டுப் போகும்; போடுவதா அணைப்பதா என்று கணினிக்குத் தெரியாது. தமிழில் பேசுபவர்கள் இந்தக் காத்திருப்பு நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பது நல்லது.

அடுத்து, ஒலியை எழுத்தாக்குவது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற மென்பொருள், 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகளில் பயின்றது. கற்றதையெல்லாம் அது எண்களாக வைத்திருக்கிறது: மிகச் சிறிய மாதிரியில் 3.9 கோடி எண்கள், பெரியதில் 155 கோடி. பலகையில் சிறியது ஓடும். ஆனால் விஸ்பர் எதையும் 30 நொடித் துண்டாகவே பார்க்கும். நீங்கள் இரண்டு நொடி பேசினாலும் மீதியை வெறுமையால் நிரப்பி முழுவதையும் அலசும். தாமதம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கணினியில் குறைந்தது 3 பைட் என்பதால் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தைவிட அதிக எழுத்துத் துண்டுகளாக உடைகிறது. விஸ்பர் விடையை ஒவ்வொரு எழுத்துத் துண்டாகத்தான் எழுதும். தாமதம் இன்னும் கூடும். போதாக்குறைக்கு, சின்ன மாதிரிகளின் தமிழ் படு சுமார். அதனால் பலர் பலகையைக் காதாகவும் வாயாகவும் மட்டும் வைத்துக்கொண்டு, எழுத்தாக்கும் வேலையை வீட்டிலுள்ள பெரிய கணினிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், இவ்வளவு பெரிய மாதிரியே வேண்டியதில்லை. மைக்கேல் ஹான்சன் உருவாக்கிய ராஸ்பி மென்பொருளின் வழி எளியது. நீங்கள் சொல்லக்கூடிய வாக்கியங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், கேட்ட ஒலி அவற்றில் எதுவென்று மட்டும் அது தேடும். உலகிலுள்ள எல்லாச் சொற்களிலும் தேடுவதைவிட இது வேகமானது, பிழையும் குறைவு. விளக்கு, மின்விசிறி, மணி என்ன, பத்து நிமிடத்தில் நினைவூட்டு: வீட்டில் நாம் இதற்குமேல் என்ன கேட்டுவிடப் போகிறோம்?

பதில் பேசுவதற்குப் பைப்பர் என்ற மென்பொருள் இருக்கிறது. எழுத்தை முதலில் ஒலியன்களாக, அதாவது பேச்சின் அடிப்படை ஒலிகளாகப் பிரித்து, பிறகு பயிற்சி பெற்ற நரம்பு வலைப்பின்னல் என்ற கணினி மாதிரி ஒன்றின் வழியே குரலாக்குகிறது. பை 4இலேயே தடையில்லாமல் ஓடும்.

அது பேசும்போது அதன் குரலே மைக்கிலும் விழும். பலரும் அந்த நேரத்தில் மைக்கை அணைத்துவிடுகிறார்கள். நீளமான பதிலின் நடுவே 'போதும்' என்று சொன்னாலும் அதற்குக் கேட்காது. ஸ்பீக்கரில் போவது என்னவென்று தெரிந்திருப்பதால், மைக்கில் வந்ததிலிருந்து அதைக் கழித்துவிடலாம். ஆனால் மைக்கும் ஸ்பீக்கரும் தனித்தனி யுஎஸ்பி கருவிகள் என்றால் அவற்றின் உள் கடிகாரங்கள் மெல்ல விலகிக்கொண்டே போகும், கழித்தல் தவறிவிடும். அலுவலகக் கூட்டங்களில் மேசை நடுவே வைக்கும் ஸ்பீக்கர்ஃபோன்களில் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும். கழித்தலையும் அதுவே செய்துவிடும். பழையது ஒன்று கிடைத்தால் அதையே பலகையில் மாட்டிக்கொள்ளலாம்.