ஒடிந்த ஊசியைத் தூக்கிப் போடாதீர்கள்

தீபாவளி நெருங்கிவிட்டால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தையல் தெரிந்த அக்காமார் வீட்டில் மிஷின் ஓயாது. பாவாடை, ரவிக்கை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பாஜு கூரோங் (மலாய்ப் பெண்களின் உடை), ஜீன்ஸ் காலைக் குட்டையாக்கும் வேலை என்று குவிந்து கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஊசி ஒடியும். புதுசு போட்டால் அதுவும் ஒடியும். "மட்டமான ஊசி" என்று கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் குற்றம் ஊசியில் இல்லை.

முனை மழுங்கக் கூடாது என்பதால் ஊசியைக் கெட்டியாக்கிய எஃகில் செய்கிறார்கள். கெட்டியான எஃகு அதிகம் வளைந்து கொடுக்காது, மீறினால் பட்டென்று ஒடியும். ஆனால் நேராக ஏறி இறங்கும்வரை சாதாரணத் துணி அதை ஒன்றும் செய்யாது. கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து ஏதாவது இரும்பில் இடிக்கும்போதுதான் சிக்கல்.

ஊசி அடிவரை இறங்கி, இரண்டு மில்லிமீட்டர் போல மேலே வரும்போது, துணிக்குக் கீழே நூல் ஒரு சின்ன வளையமாகத் தளரும். கீழே சுழலும் ஷட்டிலின் கூர்முனை ஓடிவந்து அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் என்ற சின்ன உருளையில் இருக்கும் அடிநூலைச் சுற்றி இழுக்கும். அதுதான் தையல். அந்த முனைக்கும் ஊசிக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் தடிப்புதான், சுமார் 0.1 மி.மீ. முனை உரசாமல் போவதற்காகவே ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே ஒரு குழிவு வைத்திருக்கிறார்கள். நகத்தால் தடவினால் தெரியும். வீட்டு மிஷின் ஊசியில், மேல்தண்டின் தட்டையான பக்கமும் குழிவும் ஒரே பக்கம். அது ஷட்டில் முனை வரும் பக்கம் இருக்க வேண்டும். ஊசியை மேலே முட்டும்வரை தள்ளித் திருகை இறுக்காவிட்டால், கீழே ஷட்டிலில் இடிக்கும்.

அடுத்தது நம் கை. ஊசி துணியை விட்டு மேலே வந்த பிறகுதான் கீழே உள்ள பல் துணியை நகர்த்தும். அவசரத்தில் நாம் இழுத்தால், துணிக்குள் இருக்கும் ஊசி வளைந்து, அது இறங்கும் துளையுள்ள தட்டின் ஓரத்தில் அடிக்கும். ஜீன்ஸ் மடிப்பில் இது அடிக்கடி நடக்கும். மேட்டில் ஏறும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் சாய்ந்துவிடும். பாதத்துக்குப் பின்னால் மடித்த துணித்துண்டு ஒன்றை வைத்தால் மட்டமாகும். ஊசியும் தடியாக வேண்டும். ஊசி அளவு 90/14 என்றால் தடிப்பு 0.9 மி.மீ., 110/18 என்றால் 1.1 மி.மீ. வித்தியாசம் அற்பம் என்று தோன்றும். ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும்; அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

சரி, ஒடிந்துவிட்டது. முதலில் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுங்கள். பாபின் பக்கம் விழுந்த துண்டு அடுத்த ஊசியையும் ஒடிக்கும். அப்புறம் துண்டைப் பாருங்கள்: முனை மடங்கியிருந்தால் தட்டில் அடித்திருக்கும்; கண்ணருகே பக்கவாட்டில் கீறல் இருந்தால் ஷட்டிலில் உரசியிருக்கும். தட்டின் துளையை விரலால் தடவிச் சொரசொரப்பு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். பாபினை வைக்கும் கூடான பாபின் கேஸ் 'டக்' என்று உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, நூலும் துணியும் இல்லாமல் சக்கரத்தை உங்கள் பக்கமாகக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சரியாகப் போட்ட புது ஊசியும் எங்காவது இடித்தால் டைமிங், அதாவது ஊசியும் ஷட்டில் முனையும் சந்திக்கும் நேரம், நகர்ந்திருக்கும். அதை மிஷின் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.