முன்னறிவிப்புக்குப் பிறகும் வரும் புகார்

கலை வரலாறு கற்பிக்கும் எங்களுக்குச் சர்ச்சைக்குரிய படங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் காட்டும் முன் மாணவர்களிடம் அறிவித்துவிட்டால் சிக்கல் வராதல்லவா என்று இளம் ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அப்படி உறுதி கூற எனக்குத் துணிவில்லை. ஹாம்லின் பல்கலைக்கழகத்தில் நடந்ததே காரணம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள அந்தச் சிறு பல்கலைக்கழகத்தில், 2022 அக்டோபரில், ஒப்பந்த ஆசிரியை ஒருவர் இணையவழி வகுப்பில் 14ஆம் நூற்றாண்டுப் பாரசீக ஓவியம் ஒன்றைக் காட்டினார். ரஷீதுத்தீன் என்ற முஸ்லிம் அமைச்சர் தொகுத்த உலக வரலாற்று நூலின் கையெழுத்துப் படியில் உள்ள அந்த ஓவியத்தில், நபிகள் நாயகம் வானவர் ஜிப்ரீலிடமிருந்து முதல் வஹீயை, அதாவது இறைச்செய்தியை, பெறுகிறார். உருவச் சித்திரிப்பைப் பற்றி இஸ்லாமிய உலகில் எல்லாக் காலத்திலும் ஒரே நிலைப்பாடு இருந்ததில்லை என்பதை விளக்குவதே ஆசிரியையின் நோக்கம். இப்படிப்பட்ட படங்கள் வரும் என்று பாடத் திட்டத்தில் முன்பே குறிப்பிட்டிருந்தார். வகுப்பிலும், பார்க்க விரும்பாதவர்கள் விலகிக்கொள்ள அவகாசம் கொடுத்தே காட்டினார். ஆயினும் மாணவி ஒருவர் புகார் அளித்தார். நிர்வாகம் அந்தச் செயலை இஸ்லாமிய வெறுப்பு என்று மின்னஞ்சலில் அறிவித்தது. அடுத்த பருவத்தில் ஆசிரியைக்கு வகுப்பு தரப்படவில்லை. அவருக்கு ஆதரவாகச் சமயவியல் பேராசிரியர் எழுதிய கட்டுரையை மாணவர் இதழ் விரைவிலேயே நீக்கியது.

அம்மாணவியின் வருத்தம் உண்மையானது. அதை எள்ளி நகையாடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒருவர் மனம் புண்பட்டதா என்பது வேறு, ஆசிரியர் தொழில்நெறி தவறினாரா என்பது வேறு. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1940ஆம் ஆண்டு அறிக்கை, பாடத்தோடு தொடர்பில்லாத சர்ச்சைகளை வகுப்பில் நுழைப்பதில்தான் ஆசிரியருக்கு எச்சரிக்கை வேண்டும் என்கிறது. கலை வரலாற்று வகுப்பில் இந்த ஓவியத்தைவிடத் தொடர்புடையது எது? அமெரிக்க முஸ்லிம்களின் அமைப்பான முஸ்லிம் பப்ளிக் அஃபேர்ஸ் கவுன்சிலே ஆசிரியைக்கு ஆதரவாகப் பேசியது. 2023 ஜனவரியில் நிர்வாகம் ‘இஸ்லாமிய வெறுப்பு’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது தவறென ஒப்புக்கொண்டது. பின்னர் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலக வேண்டுமென ஆசிரியர்கள் 71க்கு 12 என்ற கணக்கில் வாக்களித்தனர். இத்தனையும் ஆசிரியை வகுப்பை இழந்த பிறகுதான்.

ஒப்பந்த ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யத் தேவையே இல்லை. அடுத்த முறை அழைக்காமல் விட்டாலே போதும். நம் அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் இதைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பதவியில் இருப்பவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2007 மே மாதம் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில், தேர்வுக்காக வைத்த படைப்புகளுக்காக நுண்கலை மாணவர் ஒருவர் கைதானார். அதை எதிர்த்து மாணவர்கள் நம் பழஞ்சிற்பங்களின் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, அதை மூட மறுத்த புலத்தலைவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

ஆகவே படத்தின் காலம், இடம், அது பாடத்துக்குத் தேவைப்படும் காரணம் ஆகியவற்றை எழுதித் துறைத்தலைவரிடம் கொடுத்து, பாடத்திட்டக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். அதோடு, புகார் வந்தால் முதலில் துறை அறிஞர்களே ஆராய வேண்டும், அவர்கள் அறிக்கை தரும்வரை நிர்வாகம் வெளியில் கருத்துச் சொல்லக்கூடாது, ஆசிரியரின் வகுப்பையும் நிறுத்தக்கூடாது என்ற விதியைக் கல்விக் குழுவில் கேட்டுப் பெறுங்கள். அதைப் புகார் வருவதற்கு முன்பே கேட்க வேண்டும்.