செஸ் எஞ்சினுக்கு எந்தப் புரொசெசர்?

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தம்பி ஒருவன் செஸ் போட்டிகளுக்குத் தயாராகிறான். லப்டொப் வாங்கப் போகுமுன் என்னிடம் வந்தான். "அண்ணா, 4.5 கிகாஹேர்ட்ஸ் எண்டு போட்டிருக்கு. ஸ்டொக்பிஷ் ஓட இது காணும்தானே?" ஸ்டொக்பிஷ் ஒரு செஸ் எஞ்சின், அதாவது பலகையின் நிலையை ஆராய்ந்து நல்ல நகர்த்தலைத் தேடும் புரோகிராம். அவன் சொன்னது புரொசெசரின் வேகம். அந்த எண்ணை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

பலகையில் 64 கட்டங்கள். இன்றைய புரொசெசர் ஒரே தடவையில் கையாளும் எண்ணிலும் 64 பிட்டுகள். எஞ்சின் பலகையை அப்படியொரு எண்ணாக வைத்திருக்கும், கட்டத்துக்கு ஒரு பிட்: சிப்பாய் நின்றால் 1, இல்லையென்றால் 0. வெள்ளையின் எட்டுச் சிப்பாய்களையும் ஒரு கட்டம் முன்னே நகர்த்திப் பார்க்க வேண்டுமா? ஒரு வரிசைக்கு எட்டுக் கட்டங்கள் என்பதால், அந்த எண்ணை 8 பிட் தள்ளினால் போதும், எட்டும் நகர்ந்துவிடும். வெறுங்கட்டங்களைக் குறிக்கும் இன்னொரு எண்ணோடு சேர்த்துப் பார்த்தால், முன்னால் காய் மறித்து நிற்கும் சிப்பாய்கள் கழிந்துபோகும். இதை எத்தனை தடவை விளக்கினாலும் எனக்கு அலுப்பதில்லை.

கோட்டையும் மந்திரியும் எதுவரை போகலாம் என்று பார்க்க, புரொசெசரில் உள்ள பெக்ஸ்ட் என்றொரு கட்டளை உதவுகிறது. 2020 இல் வந்த சென் 3 வடிவமைப்புக்கு முந்தைய, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் புரொசெசர்களில் இது மிக மெதுவாக ஓடும். அப்படிப்பட்ட பழைய ரைசனை வாங்கினால், ஸ்டொக்பிஷ்ஷின், பெக்ஸ்டைப் பயன்படுத்தும் பிஎம்ஐ2 பதிப்பை விட்டுவிட்டு, அதைப் பயன்படுத்தாத ஏவிஎக்ஸ்2 பதிப்பை இறக்குங்கள்.

ஏவிஎக்ஸ்2 ஏன் முக்கியம்? 2020 இல் வெளியான ஸ்டொக்பிஷ் 12 முதல், பலகையின் நிலை யாருக்குச் சாதகம் என்று மதிப்பிடுவது, பயிற்சியால் கற்ற ஒரு சிறிய நரம்பு வலையமைப்பு. காய் ஒன்று நகர்ந்தால் அதன் பெரிய முதல் அடுக்கில் மாறிய பகுதியை மட்டும் திருத்தினால் பெரும்பாலும் போதும். ஏவிஎக்ஸ்2 உள்ள கோர் (புரொசெசருக்குள் தனியாகக் கணிக்கும் பகுதி) 16 பிட் எண்கள் பதினாறை ஒரே கட்டளையில் கூட்டும். அதனால் இதற்குக் கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை. லீலா என்ற இன்னொரு செஸ் எஞ்சின் வேறு கதை, அதற்குக் கார்ட்தான் உயிர்.

கோர்கள் கூடினால் நல்லது. ஆனால் 4 கோரை 8 ஆக்கினால் பலம் இரட்டிக்காது. எல்லாக் கோர்களும் கண்டதை ஒரே அட்டவணையில் எழுதிப் பகிர்ந்தாலும், ஒன்று தேடிய வழியை இன்னொன்றும் தேடுவது நடக்கத்தான் செய்யும்.

அப்புறம் வெக்கை. பெட்டியில் போட்டிருக்கும் 4.5 கிகாஹேர்ட்ஸ் கொஞ்ச நேரத்துக்கு எட்டும் உச்சம். செஸ் எஞ்சினோ எல்லாக் கோரையும் மணிக்கணக்கில் வேலை வாங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், திருகோணமலை வீட்டு அறையில், மெல்லிய லப்டொப் சூட்டைத் தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தம்பியிடம் ஸ்டொக்பிஷ்ஷைப் பென்டிரைவில் கொடுத்து, கடையிலேயே ஒரே நிலையைக் கால் மணி நேரம் ஆராயவிட்டு, வினாடிக்கு எத்தனை நிலைகள் என்ற எண்ணைக் கவனிக்கச் சொன்னேன். மெல்லிய லப்டொப்பில் அது இறங்கிக்கொண்டே போனதாம். பக்கத்தில் இருந்த தடித்த, விலை குறைந்த லப்டொப் காற்றாடி இரைய இரைய அதே வேகத்தில் நின்றது. அதைத்தான் வாங்கி வந்தான்.