அது உங்களுக்கு டாட்டா காட்டவில்லை

தோளில் உட்காரும் குட்டி டிராகன், கடிதம் கொண்டுவரும் ஆந்தை, எந்நேரமும் சிரித்த முகத்தோடு நீந்தும் குட்டி உயிர். படத்திலும் வீடியோ கேமிலும் பார்த்து மனம் பறிகொடுத்த இவற்றின் 'நிஜ வடிவத்தை' தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நாய், பூனை அல்லாத வளர்ப்புயிர்களுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் என்பதால் அவர்களில் பலரை நான் சந்திக்கிறேன். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை, வாங்கிய உயிரின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனால் கற்பனை உலகத்து விலங்கின் ஒவ்வொரு அசைவுக்கும் கதை எழுதியவர் ஒரு மனித அர்த்தம் வைத்திருப்பார். அதே அர்த்தத்தை நிஜ விலங்கின் மேல் ஏற்றிப் பார்த்தால், பயத்தைப் பாசம் என்றும் நோயைச் சாதுகுணம் என்றும் நினைத்துக்கொள்வோம்.

பியர்டட் டிராகன் என்று விற்கப்படும் ஆஸ்திரேலிய ஓணானையே எடுத்துக்கொள்ளுங்கள். சில சமயம் ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றும். "எங்களுக்கு டாட்டா காட்டுது டாக்டர்" என்று வீடியோவை நீட்டுவார்கள். ஓணான்களுக்குள் அந்தச் சைகையின் பொருள், 'நான் உனக்கு அடங்கினவன், விட்டுவிடு' என்பது. பக்கத்துக் கூண்டில் பெரிய ஓணான் தெரிந்தாலோ, கண்ணாடியில் தன் பிம்பமே தெரிந்தாலோகூட அப்படிச் செய்யும்.

இந்த ஓணானிடம் நான் அதிகம் பார்ப்பது எலும்பு நோய். உடலில் வைட்டமின் டி3 உருவாகி கால்சியம் சேர, அதற்குப் புற ஊதா 'பி' கதிர் வேண்டும். ஜன்னலோரம் வெயில் படுகிறதே என்பார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். தனி விளக்கு வாங்கியவர்களும் ஏமாறுவதுண்டு. விளக்கின் வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் மட்டும் நாளாக ஆகக் குறைந்துவிடும். வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதங்களுக்குள் மாற்றியாக வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. கதிர் போதாமல் தாடை மென்மையாகி, விரல்கள் துடித்து, கால்கள் வளையத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் வீட்டார் சொல்வது, "ரொம்ப சாது டாக்டர், வைத்த இடத்தில் அப்படியே இருக்கும்." நடக்க வலிக்கிற உயிர் வேறென்ன செய்யும்?

அடுத்தது ஆக்ஸலாட்டில், தொடக்கத்தில் சொன்ன சிரித்த முகக் குட்டி உயிர். 2021-இல் உலகம் முழுக்கப் பிள்ளைகள் விளையாடும் ஒரு வீடியோ கேமில் அது சேர்க்கப்பட்ட பிறகு, அதன் பெயரைச் சொல்லாத பிள்ளை குறைவு. மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாய்களைச் சேர்ந்த இந்த நீர்வாழ் உயிர், வளர்ந்த பிறகும் செவுள்களோடு லார்வா என்னும் குட்டிப்பருவ வடிவத்திலேயே இருந்து இனப்பெருக்கமும் செய்கிறது. வளர்ப்புத் தொட்டிகளில் ஏராளமாக இருந்தாலும், இயற்கை வாழிடத்தில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அந்தச் சிரிப்பு வெறும் வாயின் அமைப்பு. உடம்பு எவ்வளவு மோசமானாலும் சிரித்தபடிதான் இருக்கும். அதனால்தான் முகத்தைப் பார்க்காதீர்கள், செவுளைப் பாருங்கள் என்கிறேன். இறகு போன்ற செவுள்கள் முன்பக்கமாக வளைந்து நின்றால் தண்ணீரில் ஏதோ சரியில்லை. பெரும்பாலும் அம்மோனியா, இல்லையென்றால் சூடு. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீர்தான் அதற்குச் சுகம். 24-ஐத் தாண்டினால் சாப்பிடாது, உடம்பில் பூஞ்சை படியும். வெப்ப நாட்டில் இதற்குத் தனிக் குளிரூட்டும் கருவி வேண்டும், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடும் வேண்டும். அழகுக்குக் கூழாங்கல் போடாதீர்கள்: இரையை வாயால் உறிஞ்சி விழுங்கும்போது கல்லும் உள்ளே போய் குடலை அடைக்கும்.

கால் போனாலும் முளைத்துவிடுமே என்று சிலர் இரண்டு மூன்று குட்டிகளைச் சின்னத் தொட்டியில் ஒன்றாக விடுகிறார்கள். முளைக்கும், உண்மைதான். ஆனால் ஒன்றையொன்று கடித்த காயத்தில் முதலில் வருவது பல நேரம் தொற்று.

ஆந்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை வீட்டில் வைக்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை முழுவதும். அதன் கண் குழாய் வடிவில் எலும்போடு இறுகியிருப்பதால் அசையாது. அந்த 'ஞானப் பார்வை'க்குக் காரணம் அதுதான். எலும்பும் தோலுமாக முழு இரையைத் தின்று, செரிக்காததை உருண்டையாகக் கக்கும். வெறும் கோழிக்கறித் துண்டில் வளர்த்தால் கால்சியம் இல்லாமல் எலும்பு நொறுங்கும்.

இதைவிட வேதனையானது ஸ்லோ லோரிஸ், நம் தேவாங்கின் உறவு. கிச்சுக்கிச்சு மூட்டினால் இரண்டு கையையும் தூக்கிக்கொள்ளும் வீடியோக்களைக் கோடிக்கணக்கானோர் ரசித்தார்கள். அதன் முழங்கை அருகே ஒரு சுரப்பி இருக்கிறது; அதை நக்கி உமிழ்நீரோடு கலந்தால் நஞ்சு. கை தூக்குவது அந்த நஞ்சை எடுக்கத் தயாராகும் தற்காப்பு நிலை. இந்தக் கடிக்குப் பயந்து விற்பவர்கள் பல்லை வெட்டிவிடுவார்கள், பலவும் அந்தப் புண்ணிலேயே சாகின்றன. 2007-லிருந்து இதன் பன்னாட்டு வணிக விற்பனைக்குத் தடை இருக்கிறது.

மாயாஜால நிறத்திலும் இதே கதைதான். உடம்பே கண்ணாடி போலத் தெரியும் தெற்காசியச் சிறு மீன் ஒன்றுக்கு ஊசியால் சாயம் ஏற்றி, 'ஒளிரும் மீன்' என்று விற்கும் வழக்கம் உண்டு. குத்திய இடம் கிருமிக்கு வாசல், நிறமும் சில மாதங்களில் மங்கிவிடும். மரபணு மாற்றத்தால் பிறப்பிலேயே ஒளிரும் வரிக்குதிரை மீன் வேறு வகை. அமெரிக்காவில் 2003-இலேயே விற்பனைக்கு வந்தது, அதற்கு ஊசி இல்லை. வாங்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செடி என் துறை இல்லை. ஆனாலும் இலையைப் பொறிபோல மூடிப் பூச்சியைப் பிடிக்கும் வீனஸ் பூச்சிப்பொறிச் செடியைப் பற்றி ஒரு வார்த்தை: விரலை விட்டுவிட்டு மூட வைப்பது அதற்கு விளையாட்டில்லை. ஒவ்வொரு முறை மூடித் திறக்கவும் சக்தி செலவாகும், சில முறைக்கு மேல் அந்தப் பொறி செயலற்றுப் போகும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பயந்துபோய் ஏரியிலோ புதரிலோ கொண்டுபோய் விடாதீர்கள். ஒன்று அது செத்துப்போகும், இல்லையென்றால் புதிய நோயை அங்கிருக்கும் தவளைக்கும் மீனுக்கும் கொடுக்கும். வளர்க்க முடியவில்லை என்றால் வனத்துறையையோ மீட்பு மையத்தையோ கேளுங்கள். மருத்துவரிடம் வரும்போது கூண்டு அல்லது தொட்டியின் படம், விளக்குப் பெட்டியில் எழுதியிருப்பதும் வாங்கிய தேதியும், காலை மாலை வெப்பநிலை, கடைசியாக என்ன சாப்பிட்டது, எப்போது மலம் கழித்தது என்ற குறிப்பு, இவ்வளவையும் கொண்டுவாருங்கள். பாதி நோயை நான் அதில்தான் கண்டுபிடிக்கிறேன்.