அம்மம்மாவின் வயிற்றுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல்

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: அவருடைய இரட்டைப் பையன்கள் சில நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள். ஒருவன் நெட்டை, சுருட்டை முடி. மற்றவன் கட்டை, கோரை முடி. குணமும் எதிரெதிர். சாத்திரியாரைக் கேட்டால், இடையில் லக்கினம் மாறிவிட்டதாம். விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

லக்கினம் மாறுவது ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. சரி, அந்தச் சில நிமிடத்துக்குள் மாறியதென்றே வைத்துக்கொள்வோம். ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து பிறக்கும் இரட்டையருக்கு இடையிலும் இதே சில நிமிடங்கள்தான். அவர்கள் மட்டும் ஏன் அச்சு அசலாக இருக்கிறார்கள்? சாத்திரியாரிடம் இதையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் பையன்கள் இரண்டு முட்டை, இரண்டு விந்து. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஒரே தாயின் இரண்டு முட்டைகள் ஏன் ஒன்றுபோல இருப்பதில்லை என்பது.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நமது கலங்களில் 46 நிறமூர்த்தங்கள், 23 சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று அப்பா தந்தது, மற்றது அம்மா தந்தது. முட்டையும் விந்தும் உருவாகும்போது ஒடுக்கற்பிரிவு நடந்து சோடிக்கு ஒன்றாக 23 மட்டும் போகிறது. எந்தச் சோடியில் எது போகும் என்பதற்கு விதி கிடையாது. இரண்டை 23 தடவை பெருக்கினால் 83,88,608 வகை. தாயும் தந்தையும் சேர்ந்தால் 70 இலட்சம் கோடிக்கும் மேல்.

இந்தக் கணக்கு நிறமூர்த்தங்கள் முழுசு முழுசாகக் கைமாறுவதாக எடுத்துக்கொள்கிறது. பல அப்படிப் போவதில்லை. வழியில் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. உயர்தர உயிரியல் பிள்ளைகள் ஒடுக்கற்பிரிவின் கட்டங்களை லெப்டொடீன், சைகொடீன், பக்கிடீன் என்று மந்திரம்போல ஒப்பிப்பார்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் நடக்கும் துணிச்சலை யாரும் சொல்லிக் கொடுப்பதாகத் தெரியவில்லை.

கலம் தன் டிஎன்ஏயைத் தானே வெட்டுகிறது. ஸ்போ11 என்ற புரதம் இரட்டை இழையின் இரு பக்கத்தையும் அறுக்கிறது, அதுவும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில். சாதாரணக் கலத்தில் இப்படி ஓர் அறுப்பு விழுந்தாலே ஆபத்து. கதிர்வீச்சு செய்யும் மோசமான சேதங்களில் அதுவும் ஒன்று. இங்கே அது திட்டமிட்டே நடக்கிறது.

வெட்டினால் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்குப் பார்த்தெழுத ஒரு பிரதி வேண்டும். பிரிவுக்கு முன்பே ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன்னைப் படியெடுத்து, அந்தப் படியோடு ஒட்டியே நிற்கிறது. பக்கத்திலேயே சரியான பிரதி இருக்க, சாதாரணக் கலம் அதைத்தான் பார்க்கும். ஒடுக்கற்பிரிவில் கலம் பெரும்பாலும் அந்த வழியை மறித்துவிடுகிறது. அறுந்த நுனி ஒற்றை இழையாக நீண்டு, ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளுக்குள் தனக்குப் பொருந்தும் இடத்தைத் தேடி, சோடியில் உள்ள மற்ற நிறமூர்த்தத்தில், அதாவது மற்றப் பெற்றோர் தந்ததில், போய்ப் பிடிக்கிறது. பல வெட்டுகள் பெரிய மாற்றமில்லாமல் ஆறிவிடும். விந்தை உருவாக்கும் ஒரு கலத்தில் ஏறத்தாழ 50 வெட்டுகள் மட்டும், இரண்டு நிறமூர்த்தங்களும் கைகளை மாற்றிப் பூட்டிக்கொள்வதில் முடிகின்றன. இதுதான் குறுக்குப் பரிமாற்றம். இது நடந்த நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு பாட்டனுடையது, அடுத்த துண்டு பாட்டியுடையது.

இவ்வளவு ஆபத்து எதற்கு? பல்வகைமைக்காக என்பது பாடப்புத்தகப் பதில். எனக்குப் பிடித்தது வேறு பதில்: அந்தப் பூட்டு இல்லாவிட்டால் பிரிப்பே ஒழுங்காக நடக்காது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் கயிறிழுக்கும்போது எதிர்ப்பக்கம் யாரும் பிடித்திருக்கிறார்களா என்பதை இழுவையிலேயே உணரலாம் அல்லவா, கலமும் அப்படித்தான் சோதிக்கிறது. கதிர் நார்கள் எனப்படும், கலத்துக்குள் உள்ள நுண்ணிய இழைகள் சோடியை இரு முனைக்கும் இழுக்கின்றன. பூட்டு இருந்தால் இழுவை விறைக்கும், இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் பிடிபட்டிருக்கின்றன என்று தெரியும். அப்புறம்தான் பூட்டு அவிழும். பூட்டே விழாத சோடி கண்டபடி போய், ஒரு முட்டையில் இரண்டாகவும் இன்னொன்றில் இல்லாமலும் முடியலாம். 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று கூடிப்போனால் டவுன் கூட்டறிகுறி.

பெண்களில் இந்தப் பூட்டு விழும் காலம்தான் என்னை மயக்குகிறது. சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் சூலகத்தில் முட்டைக் கலங்கள் ஒடுக்கற்பிரிவைத் தொடங்கி, துண்டுகளை மாற்றிக்கொண்டு, பாதி வழியில் நின்றுவிடுகின்றன. முட்டை வெளிவருவதற்குச் சற்று முன்தான் முதற் பிரிவு முடிகிறது. அதாவது நீங்கள் உருவான முட்டையின் கொடுக்கல் வாங்கல், உங்கள் அம்மா அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோதே முடிந்துவிட்டது. பூட்டைத் தாங்கும் கொஹீசின் புரதம் 30, 40 வருடம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். வயதாக ஆக அது நலிவது, பிந்திய வயதுக் கர்ப்பங்களில் நிறமூர்த்த எண்ணிக்கை பிசகுவதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று.

ஸ்போ11தான் வெட்டுகிறது என்பது 1997இல், அப்பமாவைப் பொங்கவைக்கும் அதே மதுவத்தை ஆராய்ந்தபோது தெரியவந்தது. மதுவம் தன் டிஎன்ஏயை எப்படி வெட்டினால் நாட்டுக்கு என்ன இலாபம் என்று நம்மூர் நிதிக்குழு கேட்டிருக்கும். ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் இலங்கை செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆயிரத்தில் ஒரு பங்களவே. அந்தக் காசிலும் உடனே விற்கக்கூடிய பொருள் கேட்டால் அடிப்படை ஆராய்ச்சி எங்கே முளைக்கும்?

வாசகியின் பையன்களுக்கு வருவோம். உடன்பிறப்புகள் தம் டிஎன்ஏயில் சரிபாதியைப் பகிர்கிறார்கள் என்பது சராசரி மட்டுமே. 2006இல் வெளியான ஓர் ஆய்வு 4,401 உடன்பிறப்புச் சோடிகளை அளந்தபோது, அந்தப் பங்கு ஏறத்தாழ 37 சதவீதத்திலிருந்து 62 சதவீதம் வரை விரிந்து கிடந்தது. ஆகவே சில உடன்பிறப்புகள் மற்றவர்களைவிட உண்மையிலேயே நெருங்கிய சொந்தம்.

எல்லா உயிரிலும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ஆண் பழ ஈயில் குறுக்குப் பரிமாற்றமே கிடையாது. இதை மரபியலாளர் தோமஸ் ஹன்ட் மோர்கன் 1912இலேயே கவனித்துவிட்டார். அங்கே சோடிகளைப் பிடித்துவைப்பது வேறு புரதங்கள். வெட்டாமலும் பிடிக்கலாம் என்றால், பெண் ஈ ஏன் இன்னமும் வெட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்கலாம். பல்வகைமை என்ற பாடப்புத்தகப் பதிலை அந்த இடத்தில் நானும் ஏற்றுக்கொள்கிறேன்.