ஏறும்போது கிளைக்கும் ஓடை

கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில், ஜாப்ரிஸ்கி பாயின்ட் என்ற காட்சிமுனையைச் சுற்றியுள்ள மஞ்சள் மண்குன்றுகளுக்குள் தடமில்லாமல் நடக்கப் போகிறவர்கள் வெயிலுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான ஃபர்னஸ் கிரீக் குடியிருப்பு அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை, இதமான குளிர்காலத்திலும் அங்கே ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். காரணங்களில் ஒன்று: வந்த வழியே திரும்பிவிடலாம் என்று நினைத்தது.

பாலைவனத்தில் நடப்பவர்கள் ‘வாஷ்’ என்று சொல்வது, மழை கொட்டினால் மட்டும் தண்ணீர் ஓடும் வறண்ட ஓடையை. இந்த ஓடைகளின் அமைப்பை ஒரு மரமாக எண்ணிக்கொள்ளுங்கள். ஓடையில் இறங்கி நடந்தால் கிளைகள் எல்லாம் ஒன்றோடொன்று கூடி அடிமரத்துக்கு வந்து சேரும். யோசிக்கவே வேண்டியதில்லை, கால் தானே கூட்டிப் போகும். அதே ஓடையில் ஏறி வரும்போது ஒவ்வொரு கூடுமிடமும் கவையாகிவிடுகிறது, அதாவது வழி இரண்டாகப் பிரியும் இடமாகிவிடுகிறது. காலையில் நீங்கள் கவனிக்காமலேயே கடந்த ஐந்து கூடுமிடங்கள், மாலையில் களைத்த நிலையில் ஐந்து கேள்விகளாக எதிரே நிற்கும். இரண்டு கிளைகளும் ஒரே அகலம், ஒரே நிறம், ஒரே சரளை.

முகடுகளில் இது தலைகீழ். ஏறும்போது சிறு முகடுகள் ஒன்றுசேர்கின்றன, இறங்கும்போது பிரிகின்றன. ஆகவே நடை தொடங்குமுன் வரைபடத்தில் பார்க்க வேண்டிய முதல் விஷயம், திரும்பும் வழி ஓடையில் ஏற்றமா இறக்கமா என்பது. கோல்டன் கேன்யன் என்ற பள்ளத்தாக்கின் வாயிலிருந்து ஏறிப் போனால் திரும்புவது இறக்கம், சுலபம். ஜாப்ரிஸ்கி பாயின்ட்டில் வண்டியை நிறுத்திவிட்டு கோவர் கல்ச் என்ற ஓடைப்பள்ளத்துக்குள் இறங்கினால் திரும்புவது ஏற்றம். கவைகளும் அப்போதுதான், வெயிலும் அப்போதுதான். இவ்விரண்டையும் இணைக்கும் சுற்றுப்பாதையில் வழிகாட்டிப் பலகைகள் உண்டு. பக்கவாட்டில் பிரியும் நூற்றுக்கணக்கான சிற்றோடைகளில் எதுவும் கிடையாது.

எனவே ஒவ்வொரு கூடுமிடத்திலும் நின்று, முழுதாகத் திரும்பிப் பாருங்கள். திரும்பி வரும்போது உங்கள் கண்ணுக்குத் தெரியப்போவது அந்தக் காட்சிதான், முன்னால் இருப்பது அல்ல. திரும்பி நின்றபடியே ஒரு படம் எடுத்து, ‘3வது கவை, திரும்பும்போது வலது’ என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. போகும் திசையிலிருந்து இடது வலது எழுதிவைத்துவிட்டு, திரும்பும்போது மனதுக்குள் மாற்றிப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். களைத்த மூளை சரியாக அங்கேதான் கோட்டைவிடும்.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்றால், இருக்கட்டும். குறுகிய சுவர்களுக்கிடையே அது காட்டும் புள்ளி பல மீட்டர் தள்ளிப்போகும். இருபது மீட்டர் அகல முகடு ஒன்றுதான் இரண்டு ஓடைகளைப் பிரிக்கிறது என்றால், நீங்கள் பக்கத்து ஓடையில் நிற்பதாகத் திரை சாதிக்கும். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் உயரக்கோடுகளுக்கும் எல்லை உண்டு. கோட்டு இடைவெளி 40 அடி என்றால் அது 12 மீட்டர். ஒன்பது மீட்டர் செங்குத்துப் பள்ளம் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே தடயமின்றி ஒளிந்துகொள்ளும். கைபேசித் தொடர்பு இந்தப் பூங்காவின் பெரும்பகுதியில் கிடையாது, ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். காகிதப் பிரதி ஒன்றும் கூடவே இருக்கட்டும். கைபேசியைப் பையின் நடுவில் துணி சுற்றி வைப்பது நல்லது. நேர்வெயிலில் சூடேறினால் அது தானே அணைந்துவிடும்.

நிறத்தை அடையாளமாக வைத்து நடப்பவர்கள் நிறையப் பேர். ‘அந்தப் பச்சைத் திட்டு வந்ததும் இடது.’ இந்தப் பகுதியின் அழகே நிறம்தான் என்பதால் இந்த ஆசை வருகிறது. மஞ்சளாகத் தெரிவது பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்த ஏரியின் அடியில் படிந்த சேற்றுப்பாறை. சிவப்பு, இரும்பு துருவேறியது. முகடுகளின் உச்சியில் கருத்த தொப்பிபோல் இருப்பது எரிமலைக் குழம்பு. ஆனால் காலை ஏழு மணிக்குப் பொன்னாகத் தெரியும் சரிவு உச்சிவேளையில் வெளிறிப்போய்ச் சாம்பலாகும். நிறத்தை ரசியுங்கள், அடையாளத்துக்கு வடிவத்தைப் பிடியுங்கள். மேன்லி பீக்கன் என்ற குன்றின் கூர்முனை எந்த வெளிச்சத்திலும் கூர்முனைதான்.

அடுத்த பொறி வறண்ட அருவி. வெள்ளம் வரும்போது மட்டும் அருவியாகும் பாறைப்படி அது. கோவர் கல்ச்சின் வாயிலேயே ஏறக்குறைய 9 மீட்டரில் ஒன்று இருக்கிறது; சுற்றுப்பாதை அதன் விளிம்பில் வலப்பக்கமாக விலகிப் போய்விடும். பெயரில்லாத சிற்றோடைகளில் இரண்டு, மூன்று மீட்டரில் நிறைய உண்டு, விலகிச் செல்ல இடமும் இருக்காது. ஏறி வர முடியாத எதிலும் இறங்காதீர்கள். இரண்டு மீட்டர்தானே என்று சறுக்கி இறங்கி, வளைவு தாண்டியதும் பத்து மீட்டர் பள்ளத்தின் உச்சியில் நின்றால், மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. சந்தேகமாக இருந்தால் பையைக் கழற்றி மேலேயே வைத்துவிட்டுப் பாதி தூரம் இறங்கி, உடனே திரும்ப ஏறிப் பாருங்கள். குழுவில் உயரம் குறைந்தவர் இதைச் செய்யட்டும்.

கைப்பிடிகளும் இங்கே ஏமாற்றும். கூழாங்கற்கள் சேற்றில் பதிந்து இறுகியது போன்ற பாறையில், கல்லை வெளிப்புறமாக இழுத்தால் பல் பிடுங்கியதுபோல் கையோடு வந்துவிடும். உள்ளங்கையை வைத்துக் கீழ்நோக்கி அழுத்தினால் தாங்கும். பார்க்க முடியாத திண்டுகளின் மேல் கை வைக்காதீர்கள். கிலுகிலுப்பைப் பாம்புகளுக்கும் நிழல் தேவை.

மண்குன்றுகளின் சரிவு பார்வைக்கு மிருதுவாகத் தெரியும். மேலே ஒரு விரற்கடை அளவுக்குப் பொரிபோல உப்பிய களிமண், அதன் அடியில் கல்போல இறுகிய சேற்றுப்பாறை. பொரி உருளும், கால் வழுக்கும். தரையில் மிளகைக் கொட்டி அதன்மேல் நடப்பதுபோல. அதனால் பக்கச் சரிவில் குறுக்காகப் போகாமல் ஓடையின் தரையிலேயே நடங்கள். மழைக்குப் பிறகு இதே களிமண் சோப்பு. ஒவ்வொரு அடிக்கும் செருப்பின் அடியில் ஒரு கிலோ ஒட்டும். மழை பெய்திருந்தால் மண் உலரும்வரை அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. நல்ல பாதையில் மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவர் தளர்ந்த சரளையில், நின்று வழி பார்த்துப் போகும்போது, 2 கிலோமீட்டர் போனால் அதிகம். நேரக் கணக்கை அப்படியே போடுங்கள்.

தண்ணீர். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் என்பது பூங்கா நிர்வாகம் சொல்லும் அளவு. வழியில் ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காது என்பதால் அவ்வளவையும் சுமந்துதான் ஆக வேண்டும். உறிஞ்சுகுழாய் வைத்த ஒரே தண்ணீர்ப் பையில் நிரப்பாதீர்கள். ஒரு முள் பட்டால், மூடி தளர்ந்தால், எல்லாம் போய்விடும். இரண்டு மூன்று புட்டிகளாகப் பிரித்து வையுங்கள். பாதி தீர்ந்ததும் திரும்பலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. திரும்பும் பாதி ஏற்றமாகவும் பிற்பகலாகவும் இருந்தால் அதற்கு அதிகத் தண்ணீர் செலவாகும். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்புங்கள். உலர்ந்த காற்று வியர்வையை உடனே உறிஞ்சிவிடுவதால், வியர்க்கவே இல்லை என்று தோன்றும். தொப்பியின் ஓரத்தில் வெள்ளை உப்புக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

தண்ணீரை மட்டுமே மடக்மடக்கென்று குடிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. உடலின் உப்புச்சத்து நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். வெப்பச் சோர்வின் அறிகுறிகளும் கிட்டத்தட்ட அவையேதான். பிரித்தறிய மூன்று கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு குடித்தீர்கள், உப்பாக என்ன தின்றீர்கள், சிறுநீர் எத்தனை முறை, என்ன நிறத்தில் போனது? நிறையக் குடித்து, எதுவும் தின்னாமல், தெளிவாகப் போயிருந்தால் இன்னும் தண்ணீர் கொடுப்பது கேடு. உப்புக் கடலைபோல ஏதாவது கொடுத்து நிழலில் உட்கார வையுங்கள். மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டிக் குடிக்க வேண்டாம். பேச்சு குழறினால், கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால், உடல் கொதித்தால், அது வெப்பவாதம். அப்போது நடக்க வைக்கக் கூடாது. நிழல் உண்டாக்கி, இருக்கிற தண்ணீரைத் தலை, கழுத்து, மார்பு, சட்டையில் ஊற்றி விசிறுங்கள். உடனே உதவிக்கும் அழைப்பு அனுப்புங்கள்.

தண்ணீர் இல்லாத இந்த ஊரில் தண்ணீரால் வரும் ஆபத்துக்கும் குறைவில்லை. ஆண்டுக்குச் சுமார் 50 மில்லிமீட்டர் மழை பெறும் ஃபர்னஸ் கிரீக்கில் 2022 ஆகஸ்ட் 5 அன்று ஒரே நாளில் 37 மில்லிமீட்டர் பெய்தது. 2023 ஆகஸ்ட் 20 அன்று 56. களிமண் குடிக்காது, விழுந்ததெல்லாம் ஓடைக்குத்தான் வரும். கோல்டன் கேன்யனுக்குள் ஒருகாலத்தில் தார்ச்சாலை இருந்தது. 1976 வெள்ளம் அதை அடித்துப் போனது. கோவர் கல்ச்சின் கதை இன்னும் விசித்திரம். 1941-இல் ஃபர்னஸ் கிரீக் குடியிருப்பைக் காப்பதற்காக, பெரிய ஓடையின் வெள்ளத்தை ஜாப்ரிஸ்கி பாயின்ட் அருகே வெட்டி இந்தச் சிறிய பள்ளத்துக்குள் திருப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அது தன் அளவுக்கு மீறிய வெள்ளத்தைச் சுமந்து அரித்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல்பக்கம் எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறது என்பது உள்ளே நிற்பவருக்குத் தெரியாது. உங்கள் தலைக்குமேல் வானம் நீலமாக இருந்தாலும், தொலைமலையில் கருமேகம் கட்டினால் வெளியேறுங்கள். சுவரில் எந்த உயரத்தில் சுள்ளியும் சருகும் செருகியிருக்கிறதோ, முந்தைய வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. இரைச்சல் கேட்டால் ஓடையோடு ஓடாதீர்கள், பக்கவாட்டில் ஏறுங்கள். அப்போது மட்டும் சரிவு சிதைவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மற்ற நேரங்களில் கவலைப்பட வேண்டும். இவ்வளவு குறைந்த மழையில், மண்சரிவில் பதிந்த ஒரு காலடி பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். அதைப் பார்த்து அடுத்தவர் ஏறுவார். சரளைப் படுகையில் நடந்தால் அடுத்த வெள்ளம் அழித்துவிடும். அடையாளத்துக்குக் கல்லடுக்கி வைப்பதும் வேண்டாம், உங்கள் அடுக்கு இன்னொருவரைத் தவறான கவைக்குள் அனுப்பும். கோவர் கல்ச்சில் போராக்ஸ் என்ற கனிமத்தைத் தேடித் தோண்டிய பழைய சுரங்கங்களுக்குள் நிழலுக்காகக்கூட நுழையாதீர்கள். மரத்தாங்கிகள் மக்கியவை, உள்ளே காற்றும் கெட்டிருக்கலாம்.

புறப்படுமுன் நம்பகமான ஒருவரிடம் நான்கு விவரங்கள் எழுதிக் கொடுங்கள்: வண்டி நிற்கும் இடம், நுழையும் ஓடையும் வெளிவரும் ஓடையும், திரும்பும் நேரம், எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பது. செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி இருந்தால், குறுகிய சுவர்களுக்கிடையே அது வானத்தைப் பிடிக்காது. ஓடை அகலும் இடத்தில் திறந்த வெளியில் வைத்து, ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டும்வரை அசைக்காமல் காத்திருங்கள். அனுப்பிய பிறகு அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.